வீட்டு வண்டியின் பின் தொட்டி

இதனை எழுதிவைக்கும் கடப்பாடு எனக்கு உண்டு. அண்மையில் யாங்கூன் நகரின் தின்கன்ஜூனில் ஒரு மணவீட்டுப் பந்தியில், என்னை இன்னாரென்று அறியாத ஒருவர் என் எதிரிலேயே அமர்ந்து ஒரு கதை சொன்னார். தாமுவேயில் ஒரு மெக்கானிக் இருந்தாராம். பழுதுபார்க்கப் போன வீட்டில் நாள்தோறும் பெட்ரோல் திருடினாராம். வீட்டுக்காரர் தொட்டி மூடியில் நூல் கட்டி அவரைக் கையும் களவுமாகப் பிடித்தாராம். பந்தியிலிருந்தோர் சிரித்தனர். அந்த வீட்டுக்காரன் நான். கதையை முதலில் ஊரில் விட்டவனும் நானே. அதில் நூல் கட்டியது ஒன்றுதான் மெய். வாயாற் பரப்பியதை வாயாலேயே திருத்த ஒருமுறை முயன்று அரைகுறையாக நின்றுவிட்டேன். ஆகவே இப்போது எழுத்தில் வைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எங்கள் வீட்டின் பக்கவாட்டில், சாக்கடைக்கும் சுவருக்கும் இடையே ஒரு வண்டி நின்றது. போர்க்காலத்தில் படையினர் விட்டுப்போன பாரவண்டி ஒன்றின் அடிச்சட்டத்தின் மேல், நில அளவையாளர் ஒருவர் தேக்குப் பலகையால் கட்டிய சிறு வீடு அது. உள்ளே கீழும் மேலுமாக இரண்டு படுக்கைகள், சுவரில் மடங்கும் மேசை, கம்பிவலைக் கதவுடைய உணவுப்பெட்டி, முகம் கழுவத் துத்தநாகத் தட்டு. அவர் ஊர் ஊராகச் சென்று அளந்த காலத்தில் அதிலேயே சமைத்து உண்டு உறங்கினார். அறுபதுகளில் இந்தியர் பலரும் தாய்நாட்டுக்குக் கப்பலேறியபோது அவரும் ஏறினார். வண்டி என்னிடம் தங்கியது. நூலகத்தில் நூற்பட்டியல் எழுதிக்கொண்டிருந்த எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எனினும் அதனை விற்கவில்லை. அக்காலத்தில் யாங்கூனில் ஓடும் நிலையிலுள்ள வண்டி எவரிடம் இருந்தாலும் அவருக்குப் பங்கீட்டுப் புத்தகம் உண்டு. வாரந்தோறும் சில காலன் பெட்ரோல் உண்டு. அந்த வாரத்துப் பங்கை எடுக்காவிட்டால் அது போயிற்று. ஆதலால் எங்கும் பயணம் போகாதவர்களும் வாரம் ஒருமுறை வண்டியைக் கிளப்பி, வரிசையில் நின்று, பங்கை வாங்கி வீடு திரும்பி, குழாயிட்டு உறிஞ்சித் தகரங்களில் விற்றனர். நானும் வாரந்தோறும் ஓட்டுநர் ஒருவரை அமர்த்திப் பங்கை வாங்கினேன். ஆனால் விற்கவில்லை, சேர்த்துவைத்தேன்.

சேர்த்த இடம் பின் தொட்டி. வண்டிக்கு இரண்டு தொட்டிகள். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இருப்பது முன் தொட்டி. இயந்திரம் குடிப்பது அதிலிருந்தே. மற்றொன்று நெடும்பயணத்துக்கென்று அளவையாளர் பொருத்தியது. கீழ்ப்படுக்கைப் பலகையின் அடியில் மறைந்திருந்த அதன் வாயை, மெத்தையை நீக்கினால்தான் காணலாம். அதன் மேற்புறத்திலிருந்து ஒரு பித்தளைக் குழாய் அடிச்சட்டத்தின் வழியே முன்னோக்கி ஓடி, முன் தொட்டியின் அருகே மூடியிட்டு நின்றது. வீட்டில் பெட்ரோல் சேர்த்துவைப்பது குற்றம். யார் யாரிடம் சொல்வார் என்று எவராலும் உறுதி கூற இயலாத ஆண்டுகள் அவை. கேட்டவர்க்கெல்லாம் அது தண்ணீர்த் தொட்டி என்றேன். பின்னர் அந்தப் பொய்யைவிடப் பெரிய பொய் தேவைப்பட்டதை இனிச் சொல்கிறேன்.

சேர்த்ததற்குக் காரணம் உண்டு. என் மகள் ஒரு பகற்பயணத் தொலைவிலுள்ள தாட்டோனில் வாழ்ந்தாள். அவளுடைய முதற்கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்தபோது அருகில் அவள் கணவரன்றி எவருமில்லை. இரண்டாவது முறை கருவுற்றதும் என் மனைவி, பேற்றின்போது தான் அவள் கையைப் பிடித்திருப்பதாக வாக்களித்துவிட்டாள். பிள்ளைப்பேற்றுக்கு மகள் தாய்வீடு வருவது நம் முறை. ஆனால் மருத்துவர் அவளைப் பயணமே செய்யக்கூடாது என்று தடுத்தார். என் மனைவிக்கோ முதுகெலும்பு நோய். ஒரு நாழிகை உட்கார்ந்தால் மறுநாள் எழ இயலாது. படுத்துக்கொண்டே போனால் எவ்வளவு தொலைவும் போவாள். புகைவண்டியில் அதற்கு வழியில்லை. தாய்வீடே மகளிடம் உருண்டுபோக வேண்டும் என்று ஆயிற்று.

வண்டி தாட்டோன் வரை போகுமா என்பதே வினா. பெட்ரோல் நிலையத்துக்குப் போய்வருவதற்குள்ளேயே வெயிலில் இருமுறை அணைந்துவிடும். இயந்திரத்தோடு ஒட்டியிருந்த பழைய பம்பு சூடேறி, குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடுகிறது என்று தாமுவேயில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் கண்டு சொன்னார். அவர் தமிழ் முஸ்லிம், நாற்பது வயதிருக்கும். நான் அவரைப் பாய் என்பேன். அவர் என்னைப் பர்மிய முறைப்படி, ஆசான் என்ற பொருளில், ஸயா என்பார். பழைய பம்பை ஒதுக்கிவிட்டு, தொட்டியின் அருகே மின்சாரப் பம்பு ஒன்றை வைத்து, புகைக்குழாயின் வெப்பம் படாத வழியில் புதுக்குழாய் இழுத்து, வடிகட்டி மாட்டி, இயந்திரத்துக்கு வேண்டியது போக எஞ்சும் பெட்ரோல் சூடேறி நிற்காமல் தொட்டிக்கே திரும்ப ஒரு மீள்குழாயும் இட வேண்டும் என்றார். திட்டம் எனக்குப் புரிந்தது. பிழையற்றது என்றும் தெரிந்தது. ஆனால் பெட்ரோல் குழாய்களைக் கழற்றி மாட்டும் உரிமையை இன்னொருவர் கையில் கொடுக்கிறோம் என்ற எண்ணம் அன்றே என்னைப் பற்றிக்கொண்டது.

வேலை தொடங்கிய இரண்டாம் நாள் அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடியே கேட்டார்.

"ஸயா, முன் டாங்கி பக்கத்துல ஒரு பித்தளைப் பைப்பு மூடி போட்டு நிக்குதே, இது எங்கே போவுது?"

அது பின் தொட்டிக்குப் போகிறது. அங்கே ஓராண்டுச் சேமிப்பு கிடக்கிறது. நான் "அது அதே டாங்கிக்குத்தான் சுத்திப் போவுது, பாய். காத்து வாங்க அந்தக் காலத்துல வச்சது" என்றேன்.

அவர் மூடியைத் திருகி முகர்ந்து பார்த்தார். பெட்ரோல் மணம் வந்தது. பெட்ரோல் தொட்டியின் காற்றுக்குழாயில் வர வேண்டிய மணம்தானே. "அப்ப நல்லதாப் போச்சு. புதுசா ஓட்டை போட வேணாம்" என்றார். அதன் பொருளை நான் அப்போது கேட்கவில்லை. பேச்சு அவ்வளவில் முடிந்ததே என்று நிம்மதியுற்றேன்.

அன்றிலிருந்து முன் தொட்டியை அளக்கத் தொடங்கினேன். விரலகலத்துக்கு ஒரு வெட்டாக மூங்கிற்குச்சி ஒன்றைச் செதுக்கி வைத்துக்கொண்டு, காலையில் பாய் வருமுன்னும் மாலையில் அவர் போனபின்னும் தொட்டிக்குள் விடுவேன். பம்பும் மீள்குழாயும் பொருந்தியபின் அவர் நாள்தோறும் இயந்திரத்தைக் கால்மணி அரைமணி ஓடவிட்டுச் சோதித்தார். மூன்றாம் நாள் நான்கு விரல் குறைந்திருந்தது. நின்ற இடத்தில் ஓடும் இயந்திரம் அவ்வளவு குடிக்காது என்று எனக்குத் தெரியும். மறுநாள் ஐந்து விரல்.

மனைவியின் தையற்பெட்டியிலிருந்து சிவப்பு நூலெடுத்துத் தொட்டி மூடியின் குறுக்கே கட்டி முடிச்சின்மேல் மெழுகு சொட்டினேன். மாலையில் நூல் அப்படியே இருந்தது, பெட்ரோல் குறைந்திருந்தது. அப்படியாயின் அடியிலுள்ள வடிதிருகு வழியாக எடுக்கிறார் என்று முடிவுசெய்து, திருகின்மேல் வண்ணக்கோடு தீட்டினேன். கோடும் கலையவில்லை. பாகங்களைக் கழுவ அவர் கொண்டுவரும் தகரத்தை அவர் தொழப்போன வேளையில் முகர்ந்து பார்த்தேன், மண்ணெண்ணெய். இவ்வளவுக்குப் பின் நேர்மையுள்ளவன் ஐயம் தெளிந்திருப்பான். என்னிடம் அது வேறு விதமாக வேலை செய்தது. சான்று அகப்படாத ஒவ்வொரு நாளும் அவருடைய கைத்திறன் என் மனத்தில் ஒரு படி உயர்ந்தது. எவ்வளவு தேர்ந்த திருடர் என்று வியக்கவும் செய்தேன்.

பின் தொட்டியை மட்டும் நான் பார்க்கவில்லை. மெத்தையை நீக்கினால் பாய் கண்டுவிடுவார், அண்டைவீட்டார் கண்டுவிடுவர் என்று அந்தப் பக்கமே போகாமலிருந்தேன்.

தெருமுனைத் தேநீர்க்கடையில் எங்கள் வயதொத்த நால்வர் காலையில் கூடுவோம். அங்கே சொன்னேன். பெயர் சொல்லவில்லை, தாமுவே என்றும் பட்டறை இருக்கும் சந்து என்றும் சொன்னேன். பெயரைச் சொல்லாததால் பழியும் சொல்லவில்லை என்று எனக்கு நானே கூறிக்கொண்டேன். துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர், "மூடியைத் தொறக்காம எடுக்கிறான்னா, ஸயா, அவனை நாமதான் சம்பளம் குடுத்து வச்சுக்கணும். பெட்ரோல் பம்ப்புல வரிசையில நிக்கிற வேலை மிச்சம்" என்றார். சிரித்தோம். மற்ற மூவருக்கும் வேறு வேறு தேநீர்க்கடைகள் இருந்தன என்பதை நினைக்கவில்லை.

எட்டாம் நாள் மாலை, வேலை ஏறத்தாழ முடிந்த நிலையில், குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடமே கேட்டுவிட்டேன். என் மனைவி சன்னலருகே கட்டிலில் படுத்திருந்தாள். அனைத்தும் அவள் காதில் விழுந்தது. நாள்தோறும் குறைகிறதே, அது எங்கே போகிறது என்றேன். முதலில் அவர் மீள்குழாயில் கசிவு இருக்குமோ என்று குனிந்து பார்க்கப் போனார். பிறகு என் கையிலிருந்த குச்சியையும் மூடியிலிருந்த சிவப்பு நூலையும் மாறி மாறிப் பார்த்தார். நூலை அதுவரை அவர் ஏதோ கண்ணேறு கழிக்கக் கட்டியது என்று எண்ணியிருந்தாராம்.

அவர் குரல் உயரவில்லை. தம் கருவிப்பையைத் தரையில் கவிழ்த்தார். மண்ணெண்ணெய்த் தகரத்தைச் சாய்த்துக் காட்டினார். கடைசியில் சாப்பாட்டுத் தூக்கையும் திறந்து அடுக்கடுக்காக வைத்தார். அடியில் கொஞ்சம் சோறும் கருவாட்டு முள்ளும் இருந்தன.

"இதுல எதுல ஊத்திக்கிட்டுப் போனேன்னு நீங்களே சொல்லுங்க ஸயா."

அவர் பொருள்களைப் பைக்குள் திரும்ப எடுத்துவைத்துக்கொண்டு, சன்னலைப் பார்த்து, "அக்கா, வண்டி ஓடும். மேடு ஏறும்போது மட்டும் மெதுவாப் போகச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு நாள் கழித்துத் திங்கட்கிழமை மாலை, தொலைபேசி வைத்திருந்த பக்கத்து வீட்டுக்குத் தாட்டோனிலிருந்து செய்தி வந்தது. நாள் முந்தி வலி கண்டுவிடும்போல் இருக்கிறது, உடனே புறப்படுங்கள் என்று மருமகன் சொன்னார். அன்றுதான் அந்த வாரப் பங்கு முன் தொட்டியில் நிறைந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, நாங்கள் அமர்த்திய பர்மிய ஓட்டுநர் வந்து இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறட்டும் என்று அரைமணி ஓடவிட்டு நிறுத்தினார். அண்டைவீட்டுப் பெண்கள் இருவர் என் மனைவியைத் தாங்கிக் கொண்டுபோய்க் கீழ்ப்படுக்கையில் கிடத்தினர்.

பயணம் புறப்படும் வண்டிக்குச் சூடம் காட்டித் தேங்காய் உடைப்பது எங்கள் வழக்கம். சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தி, வண்டியைச் சுற்றிவரக் கையிலெடுத்தேன். முன்புறம் காட்டிவிட்டுப் பக்கவாட்டில் இரண்டடி எடுத்து வைத்திருப்பேன். உள்ளிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"என்னங்க, அங்கேயே நில்லுங்க. அதை அணைங்க. என் முதுகு நனையுது. டாட்சி."

டாட்சி என்பது இங்கே நாங்கள் பெட்ரோலுக்குச் சொல்லும் பர்மியச் சொல். நான் தட்டோடு நின்றேன். ஓட்டுநர் பாய்ந்துவந்து தட்டைப் பறித்துச் சாக்கடைக்குள் எறிந்தார். பெண்கள் அவளை இறக்கிக் கொண்டுவந்தார்கள். புடவையின் பின்புறம் முழுதும் பெட்ரோல். மெத்தையை உருட்டிப் பார்த்தேன். பின் தொட்டியின் வாயிலிருந்து பெட்ரோல் விளிம்பு மீறி வழிந்து, படுக்கைப் பெட்டியின் அடிப்பலகையெங்கும் தேங்கி நின்றது.

ஒருவரும் விளக்கத் தேவையில்லாமல் எனக்கு விளங்கிற்று. 'அதே டாங்கிக்குத்தான்' என்ற என் சொல்லை நம்பி, பாய் மீள்குழாயை அந்தப் பித்தளைக் குழாயில் இணைத்திருக்கிறார். இயந்திரம் ஓடிய ஒவ்வொரு முறையும் முன் தொட்டியிலிருந்து போன பெட்ரோலின் மிச்சம் பின் தொட்டியில் போய் விழுந்திருக்கிறது. நான் நூல் கட்டிக் காத்த பெட்ரோல் அவ்வளவும் என் வண்டிக்குள்ளேயே, என் மனைவி படுக்கும் பலகையின் கீழே, ஓராண்டுச் சேமிப்பின்மேல் ஏறிக்கொண்டிருந்தது.

ஓட்டுநருக்குக் குழாய் மாற்றத் தெரியாது. வாடகை வண்டி பிடித்துத் தாமுவேக்குப் போனேன். பட்டறையில் வண்டி ஒன்றுமில்லை. பாய் முக்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் இருவர் பாதி வேலையிலேயே வண்டியைத் திருப்பி எடுத்துப் போனதாகப் பக்கத்துக் கடைக்காரர் பின்னர் என்னிடம் சொன்னார். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பாய் தாளை மடக்கவில்லை.

"அந்தப் பைப்பு எங்கே போவுதுன்னு நான் கேட்டேனா இல்லியா ஸயா?"

"கேட்டீங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நான் சொன்னதையே திரும்பச் சொன்னேன். அது பொய் என்றும், பொய்யென்று அறிந்தே சொன்னேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். கடை வாயிலில் இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தனர்.

"எங்கிட்ட மறைக்கணும்னு நினைச்சீங்க, சரி. அக்காகிட்டயும் சொல்லலியா, நீ டாட்சி மேலதான் படுக்கப் போறேன்னு?"

அவளிடமும் சொல்லவில்லை. அதை நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, "அக்காவுக்காக வர்றேன்" என்றார். வண்டியில் வரும் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீள்குழாயை முன் தொட்டிக்கு மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வழிந்ததைத் துடைத்து, பலகைகளைக் கழற்றி வெயிலில் வைத்து, உள்ளே மணம் அடங்கக் காத்திருந்ததுதான் நெடும்பொழுது. பின் தொட்டியில் மிகுந்ததை முன் தொட்டிக்கு இறக்கியபின் நான் கைப்பழக்கத்தில் குச்சியை விட்டுப் பார்த்தேன். என் கணக்கில் இரண்டு விரல் குறைந்தது. பாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குறையுதா ஸயா?"

"இல்லை" என்றேன். வழிந்தது போக, ஆவியானது போக, அவ்வளவு குறையத்தான் செய்யும். குறையும் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். வண்டி ஓரிடத்திலும் அணையவில்லை. ஆனால் இருட்டியபின் பாலங்களைக் கடக்க விடாத காலம் அது. பெகூவில் இரவைக் கழித்து, புதன்கிழமை முற்பகல் தாட்டோன் போய்ச் சேர்ந்தோம். காலையிலேயே புறப்பட்டிருந்தால் செவ்வாய் மாலைக்குள் போயிருப்போம். வாயிலில் மருமகன் சிரித்துக்கொண்டு நின்றார். ஆண்குழந்தை, இருவரும் நலம். என் மனைவி மகளின் கட்டிலருகே தரையில் படுக்கை விரிக்கச் சொல்லிப் படுத்து, மேலே கையை நீட்டி அவள் கையைப் பற்றிக்கொண்டாள். "அம்மா, இப்பத்தான் வந்தியா" என்று மகள் கேட்டாள். மனைவி என்னைப் பார்க்கவில்லை.

யாங்கூன் திரும்பியதும், தேநீர்க்கடையில் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று அவள் ஒருமுறை கூறினாள். போனேன். பின் தொட்டியைப் பற்றி வாய் திறந்தால் சேமிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டுமே என்று அஞ்சி, "ஏதோ தவறுதலாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். நண்பர்கள் அதனை என் பெருந்தன்மை என்று கொண்டனர். பாய் சில ஆண்டுகளில் பட்டறையை விட்டு லான்மடாவில் உதிரிபாகக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். காரணம் நானா என்று நேரிற் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

எஞ்சியிருப்பது ஓர் ஐயம். என் பேரன் எப்போது பிறந்தான்? செவ்வாய்க்கிழமை, மதியச் சோற்றுக்கு முன்பே பிறந்துவிட்டான் என்கிறாள் மகள். அவ்வாறாயின் நாங்கள் காலையில் புறப்பட்டிருந்தாலும் அவள் கையைப் பிடிக்கும் வேளைக்குப் போயிருக்க இயலாது. என் பொய்யால் அவளுக்கு ஏதும் இழப்பில்லை. புதன்கிழமை விடியற்காலை என்கிறாள் மனைவி. நாங்கள் போனபோது குழந்தையின் தலை இன்னும் சரியாகக் காயவில்லை என்பது அவள் சான்று. இந்நாட்டில் ஒருவன் பிறந்த கிழமை சிறு செய்தியன்று. பகோடாவில் எந்த மூலையில் நீர் வார்ப்பது என்பதே அதைப் பொறுத்தது. பேரன் செவ்வாய் மூலையில், சிங்கத்தின் முன் நின்று வார்க்கிறான். அவன் தாய் அவனுக்குக் காட்டிய மூலை அது. அவள் எனக்கு இரங்கி ஒரு கிழமையை முன்னே தள்ளினாளோ என்று, அவன் நீர் வார்க்கும் ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைப் பார்க்கிறேன். பதிவுத்தாளில் உள்ள நாள் செவ்வாய்தான். ஆனால் அது ஒரு வாரம் கழித்து அவள் சொல்ல எழுதப்பட்டது. மருமகனும் அவள் சொல்வதையே சொல்வார்.

பேறு பார்த்த பர்மியத் தாதியை நான் பின்னர்ச் சந்திக்கவில்லை. அவரோ, அவர் வீட்டாரோ, அன்று தாட்டோனில் அந்தத் தெருவில் இருந்த எவரோ இதனைப் படிக்கவோ படிக்கக் கேட்கவோ நேர்ந்தால், கிழமை எதுவென்று எனக்கு எழுதுமாறு வேண்டுகிறேன். தொட்டிகளின் அமைப்பிலும் குழாய்களின் போக்கிலும் நான் பிழைபடச் சொல்லியிருந்தால் தொழில் அறிந்தோர் திருத்துக. பாயைப் பற்றிக் கூறியதில் குறையிருந்தால் அவரே திருத்துவாராக. விடை புதன்கிழமையாயின், என் முதுமையை எண்ணி அதனை மறைக்க வேண்டா.